ஒரு வீட்டுக்கு ஒரு பூட்டு

அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக அடுப்பு இரண்டானதில்லை. மூத்தவர் அதை யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை. ஆனால் எவனாவது பாகப்பிரிவினை பற்றிப் பேச ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். தகப்பனார் போனபோது அவருக்கு மீசை அரும்பியிருந்தது, தம்பிக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. அன்று முதல் தம்பிக்கு எல்லாம் அவர்தான். தான் வேலை பார்த்த அட்டை ஆலையிலேயே அவனையும் ஃபிட்டராகச் சேர்த்துவிட்டார். ஆலையில் இருவருக்கும் ‘ரெட்டைக் கதவு’ என்று பெயர்.

“அண்ணனுக்குத் தும்மல் வந்தா தம்பி மூக்கைத் தொடைப்பான்” என்று கொதிகலன்காரர் சொல்லிச் சிரிப்பார். மூத்தவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை, பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

பாதுகாப்பு அதிகாரியாகப் புதிதாக வந்த அம்மாள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் பூட்டு கொடுத்தார். பூட்டில் அவரவர் படம் ஒட்டிய சீட்டு தொங்கும். ‘நான் வேலையில் இருக்கிறேன், இயக்காதே’ என்று அதில் எழுதியிருக்கும். இயந்திரத்தில் கை வைக்குமுன் மின்சாரத்தை அணைத்து, சுவிட்சின் கைப்பிடியில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் போனால் நாலு பூட்டு. கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றும்வரை இயந்திரம் அசையாது. ஒருவன் பூட்டை இன்னொருவன் தொடக் கூடாது.

மூத்தவர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். வேலைக்கு இறங்கும்போது தன் பூட்டை மட்டும் போட்டார்.

“தம்பியோட பூட்டு எங்கேங்க?” என்றார் அம்மாள்.

“எங்க வீட்டுல ரெண்டு அடுப்பு கிடையாதும்மா. நான் பூட்டினா அவன் பூட்டின மாதிரி.”

“அடுப்பு வேற, இது வேற.”

“கூடப் பொறந்தவனை நம்பாமப் போடுற பூட்டு எங்களுக்கு எதுக்கு?”

அம்மாள் இளையவனைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்றீங்க?”

“அண்ணன்தான் சொல்லிட்டாரே” என்றான் அவன், சிரித்தபடி.

அம்மாள் மேலாளரிடம் போனார். “அவங்க ரெண்டு பேரும் ஒரே ஆள் மாதிரிம்மா, விடுங்க” என்று அவர் கையை விரித்துவிட்டார். இளையவனின் பூட்டு வீட்டுக்கு வந்து, பெட்டி படுக்கை போட்டு வைத்திருந்த சாமான் அறைக் கதவில் ஏறியது. நல்ல பூட்டு வீணாகப் போவானேன்? அதன் சாவி மூத்தவரின் வளையத்தில், அவருடைய சாவிக்குப் பக்கத்தில் கிடந்தது.

காகிதக் கூழைத் தள்ளிக்கொண்டு போகும் நீண்ட திருகுத் தண்டை ஆலையில் ‘பாம்பு’ என்பார்கள். ஒரு நாள் முற்பகலில் பாம்பு அடைத்துக்கொண்டது. மூத்தவர் மோட்டார் பக்கம் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம், கூழ் விழும் வாயருகே இளையவன். அடைப்பை எடுத்து முடித்தார்கள். மூத்தவர் இறங்கி வந்தபோது படியடியில் தம்பியின் கருவிப் பை இருந்தது. பை வெளியே வந்துவிட்டால் ஆளும் வெளியே வந்துவிட்டான் என்பது அவர் கணக்கு. பூட்டைக் கழற்றினார். சுவிட்சின் கைப்பிடியைத் தூக்கினார்.

பையை வைத்த பிறகுதான் ஒரு ஸ்பேனர் குறைவதை இளையவன் கண்டிருக்கிறான். இயந்திரத்துக்குள் கருவியை விட்டுவிட்டு வருவது நம் பேருக்கு இழுக்கு என்று அவனுக்குச் சொல்லி வளர்த்தவர் மூத்தவர். அவன் திரும்பிப் போய் உள்ளே கையை விட்டிருந்தான்.

வலது கை முழங்கைக்குக் கீழே போயிற்று.

விசாரணையில், அவன் ஏன் தன் பூட்டைப் போடவில்லை என்று கேட்டார்கள். “நான் போட விடல” என்றார் மூத்தவர். நாற்காலி காட்டியும் அவர் உட்காரவில்லை. தம்பியின் மேல் ஒரு சொல் விழக் கூடாது. பாதுகாப்பு அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். ‘நான்தான் அன்னைக்கே சொன்னேனே’ என்று அவர் சொல்லியிருந்தால் மூத்தவர் தாங்கியிருப்பார்.

இளையவன் வீடு திரும்பினான். மூத்தவர் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டார், தலை வாரினார், சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனார். இளையவனும் சில நாள் வாயைத் திறந்தான். பிறகு ஒரு நாள், “வைங்கண்ணே, நான் சாப்பிட்டுக்கிறேன்” என்று இடது கையால் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பாதிச் சோறு தரையில் சிந்தியது.

ஆலையில் அவனுக்குக் கிடங்கில் வேலை கொடுத்தார்கள். முதல் வாரம் முடிந்து வந்தவன், செருப்பைக் கழற்றும்போதே சொன்னான்.

“அச்சகத்துக்குப் பின்னாடி ரெண்டு ரூம் பாத்திருக்கேண்ணே.”

“யாருக்கு?”

“எனக்கும் எம்பொண்டாட்டி புள்ளைங்களுக்கும்தான்.”

மூத்தவர் துண்டை எடுக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

“எம்மேல கோவமாடா?”

“கோவம் இருந்தா இங்கயே இருந்து சண்டை போட்டிருப்பேன்.”

“பின்ன என்ன?”

“அன்னைக்கு உள்ள கைய விடும்போது, அண்ணன் பூட்டியிருக்காருன்னு நெனச்சேன். அதுக்கு மேல நான் நெனைக்கல. சின்ன வயசுலேருந்தே நெனச்சதில்ல. இனிமேலாவது நானே நெனைக்கணும்ணே.”

“ஊரு என்ன சொல்லும்?”

“ஊருக்கு ரெண்டு நாள் பேச ஏதாவது வேணும்.”

மூத்தவர் மனைவியைப் பார்த்தார். எந்த நியாயத்திலும் அவர் பக்கமே நிற்கிறவள் அன்று அடுப்படியைப் பார்த்துக்கொண்டே, “தம்பி கேக்குறது நியாயந்தான். வழி விடுங்க” என்றாள்.

சாமான் ஏற்றும் நாளில் இளையவனின் மனைவிக்கு அவளுடைய தகரப் பெட்டி வேண்டியிருந்தது. அது சாமான் அறையில் இருந்தது. மூத்தவர் வழக்கம்போல் இடுப்பிலிருந்து சாவி வளையத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

“சாவியக் கொடுங்கண்ணே. நான் திறக்கிறேன்.”

வளையத்திலிருந்து அதைப் பிரித்தெடுக்க மூத்தவருக்கு நேரம் பிடித்தது. பூட்டில் இன்னும் அந்தச் சீட்டு தொங்கியது. வெளிறிய படத்தில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒற்றைக் கையால் தொங்கும் பூட்டைத் திறப்பது லேசில்லை. சாவி பட்டதும் அது விலகி ஆடியது. குறைக் கையால் பூட்டைக் கதவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியை நுழைத்தான். சாவி வழுக்கிக் கீழே விழுந்தது. மூத்தவர் குனிந்தார்.

“விடுங்கண்ணே.”

அவர் பாதிக் குனிந்தபடி நின்று, பிறகு நிமிர்ந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தம்பி சாவியை எடுத்தான். நெற்றியில் வியர்வை பூத்தது. மறுபடி வழுக்கியது. அடுத்த முறை பூட்டு வாயைத் திறந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சட்டை ஒரு பக்கமாகத் தொங்கியது.

வாசலில் வண்டி நிறைந்தபோது எதிர்க்கடைத் தையற்காரர் வெளியே வந்தார்.

“என்னங்க, தம்பி தனியாப் போறாப்லயா?”

மூத்தவர் முதுகை நிமிர்த்தினார். “நான்தான் போகச் சொன்னேன். பிள்ளை குட்டிக்காரன், அவனுக்கும் ஒரு வீடு வேணுமில்ல.”

இளையவன் அண்ணனைப் பார்த்தான்.

“ஆமாங்க” என்றான். “அண்ணன் சொல்லிட்டா தட்ட முடியுமா?”

தையற்காரர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. “வர்றேண்ணே” என்று வண்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டு இளையவன் ஏறிக்கொண்டான்.

வண்டி முனை திரும்பும்வரை மூத்தவர் வளையாமல் நின்றார். பிறகு உள்ளே வந்து சாமான் அறைக் கதவைச் சாத்தினார். கொண்டியில் மாட்ட ஒன்றும் இல்லாததால் அது மெல்லத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“சாப்பிட வாங்க” என்றாள் மனைவி. “உங்க பூட்டைத்தான் கொண்டுவந்து போடுங்களேன்.”

அவர் கையை எடுக்கவில்லை.