ஆறு மிதி

தையல்காரிக்கு நாக்கு வாயில் இல்லை, காலில்தான் இருக்கிறது என்று அவள் நாத்தனார் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சும்மா சொல்லக் கூடாது, அதில் பாதி உண்மை. புருஷன் கடல் தாண்டி வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. இவளும் போய்ச் சேர வேண்டுமானால் பிரெஞ்சு வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் போனால் விசா விண்ணப்பமே ரத்து.

சின்ன வார்த்தைகள் எப்படியோ வந்துவிடும். நீளமான வினைச்சொற்கள்தான் உயிரை வாங்கின. 'நூ நூ ரெத்ரூவெரியோன்' என்று ஒன்று. வழி பிறந்தால் நாம் மறுபடி சேர்ந்துவிடுவோம் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவளால் விட முடியவில்லை. துணியைப்போலத் துண்டு போட்டாள். நூ, நூ, ரெ, த்ரூ, வெ, ரியோன். தையல் மிஷினில் ஒரு மிதிக்கு ஒரு துண்டு. ஆறு மிதியில் முடிந்துவிட வேண்டும்.

"அண்ணி, ஏழு மிதிச்சீங்க" என்பாள், பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் நாத்தனார். "கடைசித் துண்டை ரி, யோன்னு ரெண்டாக் கிழிச்சிட்டீங்க. எங்கண்ணன் தாங்குவாரா?"

"வாயை மூடிட்டு வேலையைப் பாருடி."

புருஷன் போனில் அளப்பது இன்னொரு பக்கம். "நான் இங்க பிரெஞ்சுல பொளந்து கட்டறேன். நீ ஒரு பரீட்சைக்கு இப்படி நடுங்கறியே!"

தேர்வறையில் மூக்குக் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி எதிரே உட்கார்ந்திருந்தாள். நாலைந்து கேள்வி நல்லபடியாகப் போயிற்று. பிறகு, தேறினால் நீயும் கணவரும் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அடி ஆத்தி! இதற்குத்தானே இத்தனை நாள் மிதித்தது! ஆனால் மேஜைக்கடியில் துழாவிய காலுக்குப் பெடல் கிடைக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் மேஜையின் குறுக்குக் கட்டை காலில் பட்டது. மிதித்தாள். நூ. மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் குதித்தது. நூ, ரெ, த்ரூ. தண்ணீர் தாள்மேல் சிந்தியது. அந்த அம்மாள் குனிந்து மேஜைக்கடியில் பார்த்தாள். தையல்காரிக்கு மானம் போயிற்று. கால் நின்றது, கூடவே வார்த்தையும் நின்றது.

அந்த அம்மாள் எழுந்து டம்ளரை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மிதி என்பதுபோலத் தலையசைத்தாள்.

வெ. ரியோன். சரியாக ஆறு.

மறுவாரம் தேறிவிட்டதாகக் கடிதம் வந்தது. அதைப் படித்த நாத்தனார்தான் முதலில் அழுதாள். தையல்காரி உடனே புருஷனுக்குப் போன் போட்டாள். காலை ஆட்டாமல், மூச்சு விடாமல், அந்த வார்த்தையைச் சொன்னாள்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேக்குதா?"

"கேக்குது. நல்லாதான் இருக்கு..." அவன் குரல் இறங்கியது. "அப்படின்னா என்னம்மா?"

பொளந்து கட்டியவனின் லட்சணம் இதுதானா! வாய்விட்டுச் சிரித்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வந்து சொல்றேன்" என்றாள்.