நாற்பத்தாறு பேர், பதினொரு முகம்

அந்தப் பெண்கள் சிறையில் அந்த வருடம் நாற்பத்தாறு கைதிகள் இருந்தார்கள். முகங்கள் மொத்தம் பதினொன்றுதான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆண்கள் சிறை வாசலில் போய்ப் பாருங்கள், மனைவிமார் வரிசை தெருமுனை வரை நிற்கும். பெண்கள் சிறைக்கு யார் வருகிறார்கள்? முதலில் புருஷன் நின்றுபோவான், அடுத்து அண்ணன் தம்பி, கடைசியில் பெற்றவளும் முட்டி வலி என்று சொல்லி நின்றுவிடுவாள். பார்வையாளர் பெஞ்சில் வார்டர்தான் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். அதனால் உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் அம்மா, மகள், அக்கா, தங்கச்சி என்று எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொண்ட நாளிலிருந்து முகம் நகர ஆரம்பிக்கும். ஒருத்தியின் மூக்கு கொஞ்சம் இறங்கும், இன்னொருத்தியின் தாடை கொஞ்சம் அகலும், நாற்பது ஐம்பது நாளில் இருவரும் பாதி வழியில் சந்தித்து ஒரே சாடையாகிவிடுவார்கள். நிர்வாகம் இது பற்றி எடுத்த முடிவு ஒன்றே ஒன்று: பதிவேட்டில் ஒட்டும் புகைப்படத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது. கைரேகை மை எப்போதோ காய்ந்துவிட்டது. புது மை கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

உறவு எடுக்க ஒரு முறை உண்டு. இளையவள் கூப்பிட வேண்டும், மூத்தவள் பதில் கொடுக்க வேண்டும். "அக்கா" என்று ஒருத்தி சொல்லி, "ம்" என்று மற்றவள் சொல்லிவிட்டால் தீர்ந்தது. திரும்பி வர வழி கிடையாது. நாம்தான் பஸ்ஸிலும் கடையிலும் கண்டவரையெல்லாம் அக்கா, அண்ணா, அம்மா என்று அள்ளி இறைத்துக்கொண்டு திரிகிறோம்; அந்த ஊதாரித்தனம் அங்கே செல்லாது. புதிதாக வந்தவளை "ஏ, பச்சைச் சட்டை" என்று கூப்பிடுவார்களே தவிர, வாய் தவறியும் உறவு வராது. துணி வெளுக்கும் கொட்டகையை ஆண்டுகொண்டிருந்த பெரியம்மாவுக்கு ஒன்பது மகள்கள். ஒன்பது பேருக்கும் அவளுடைய தொங்கின இடது இமை. சோப்புக்கட்டியை யார் யாருக்குக் கொடுப்பது, யார் தலையை யார் வாருவது, சண்டை வந்தால் யார் முதலில் வாயை மூடுவது, எல்லாம் அந்த உறவுப்படிதான். வார்டர்களுக்கும் அது வசதியாக இருந்தது. பெரியம்மாவிடம் ஒன்றைச் சொன்னால் போதும், ஒன்பது வாய் அடங்கும்.

நாற்பத்தாறில் ஒருத்தி மட்டும் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அவள் தையற்காரி. குடித்துவிட்டு அடிக்க வந்த புருஷனை மாடிப்படியில் தள்ளியவள். அவள் தள்ளியது ஒரு படிதான், அவன் உருண்டது பதினாறு படி. நீதிமன்றம் ஆறு வருடம் கொடுத்தது. அப்போது மகளுக்கு மூன்று வயது. பிள்ளையை நாத்தனார் எடுத்துப்போய் வளர்த்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆசையாகத்தான் வளர்த்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் இருந்த தையற்காரியின் படங்களையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டாள். தப்பியது ஒன்று. ஸ்டாம்பு அளவுப் படம், பிள்ளை அதைப் பென்சில் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தது. கடைசியாகப் பார்க்க வந்தபோது கம்பிக்கு வெளியே நின்று அதைத் திறந்து காட்டியது. அதற்குப் பிறகு ஒன்றரை வருடமாகக் கூட்டிவரவில்லை. வந்தது ஒரு நோட்டீஸ்தான். ஏழு வயது முடிந்த பிள்ளை, குழந்தைநல அதிகாரி முன்னால் தாயை அடையாளம் காட்ட வேண்டும். காட்டத் தெரியாவிட்டால் வளர்த்தவள் பேருக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்பது சட்டம். நாத்தனார் மனு போட்டிருந்தாள். தையற்காரி இதை முதல் நாளிலிருந்தே எதிர்பார்த்தவள்போல் நடந்துகொண்டிருந்தாள். தனியாகச் சாப்பிட்டாள், தனியாகக் காய்ச்சலில் படுத்தாள், தலையைத் தானே வாரிக்கொண்டாள். "எதை வேணா கேளுங்க, தர்றேன். என் மூஞ்சிய மட்டும் கேக்காதீங்க" என்று பெரியம்மாவிடமே சொல்லிவிட்டாள். நாலரை வருடத்தில் பதிவேட்டில் படம் மாற்ற வேண்டியிராத ஒரே கைதி அவள்தான். சோதனைக்கு வரும் அதிகாரிகளுக்கு மேற்பார்வையாளர் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

இப்படி இருக்கையில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்காரி வந்து சேர்ந்தாள். சிறைப் பெண்களின் வாழ்க்கைமுறையை உள்ளிருந்து பார்த்து எழுதுவது அவள் வேலை. கையில் எப்போதும் நோட்டு இருந்ததால் நோட்டுக்காரி என்று பேர் விழுந்தது. வெளுக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, சோப்பு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று அம்புக்குறி போட்டு எழுதுவாள். "பாக்கணும், ஒட்டக் கூடாது" என்று பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்; அதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். டீ கொடுத்தால் குடிக்க மாட்டாள். அழுகிறவளுக்குக் கைக்குட்டை நீட்ட மாட்டாள், அழுத நேரத்தைக் குறித்துக்கொள்வாள். கல்நெஞ்சுக்காரி என்று முதலில் திட்டினார்கள், பிறகு பழகிவிட்டது. பத்து மாதமும் எல்லோரையும் "நீங்க" என்றே கடத்தினாள். ஒட்டாமல் இருந்த இரண்டு பேர் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்று அவளுடைய நோட்டில் எங்கேயும் இல்லை. தன்னை அவள் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

விசாரணைக்கு எட்டு வாரம் இருந்தபோது தையற்காரிக்குக் கடுமையான காய்ச்சல். தையல் மிஷின்மேல் தலை சாய்ந்துவிட்டது, ஊசியில் விரல் மாட்டாமல் போனது அதிர்ஷ்டம். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நோட்டுக்காரி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மயங்கிக் கிடக்கிற ஒரு மனுஷியை எப்படி எழுப்புவது? நீங்களும் நானும் எப்படி எழுப்புவோமோ அப்படித்தான் எழுப்பினாள். "அக்கா, எந்திரிங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க." தையற்காரி கண்ணைத் திறக்காமலே "ம், குடும்மா" என்றாள்.

விஷயம் சாயங்காலத்துக்குள் கொட்டகை முழுக்கத் தெரிந்துவிட்டது. பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பத்து மாசமா எழுதி எழுதிக் கிழிச்சியே, இதைக் கூடவா எழுதிக்கல? அடிப்பாவி, அவ புள்ளைய நீ தின்னுட்டியே!" நோட்டுக்காரி நோட்டைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் முதல் வரியாக அவளே எழுதி அடிக்கோடு போட்டிருந்த விதி அது. அடுத்த மூன்று வாரம் சிறைப் பக்கமே வராமல் இருந்து பார்த்தாள். பயனில்லை. கண்ணாடியில் நெற்றி குறுகிக்கொண்டு வந்தது, புருவங்கள் கிட்டக் கிட்ட வந்தன. உள்ளே தையற்காரி ஒரு சோப்புத் தண்ணீர் வாளியில் தினமும் தன்னைப் பார்த்து, என்ன போயிருக்கிறது, என்ன மிச்சம் இருக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டிருந்தாள். எல்லோரும் பாதி வழியில் நிற்கும் என்றுதான் நினைத்தார்கள். நிற்கவில்லை. ஒருத்தி நாலரை வருடம், ஒருத்தி பத்து மாதம், இருவரும் அடக்கி அடக்கி வைத்திருந்தது ஒரே மூச்சில் புறப்பட்டு, நடுவில் சந்தித்துக்கொள்ளாமல் ஒன்றையொன்று தாண்டிப் போய்விட்டது. ஏழாவது வாரத்தில் தையற்காரியின் முகம் முழுசாக நோட்டுக்காரியிடமும் நோட்டுக்காரியின் முகம் முழுசாகத் தையற்காரியிடமும் இருந்தது. ஒருநாள் வேலை முடிந்து வெளியேறப் போன நோட்டுக்காரியை வார்டர் வாசலில் பிடித்துக்கொண்டு, "எங்க போறே நீ?" என்று கேட்டாள். பேராசிரியருக்குப் போன் போட்டுப் பேசவைத்துத்தான் வெளியே வர முடிந்தது.

தையற்காரி எட்டு வாரமாக அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வெறுத்தாள், வெறுக்காமல் என்ன செய்வாள்? விசாரணைக்கு முதல் நாள் அவளே வந்து வாளிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு வருவியா?"

"வரணுமா?"

"வந்து பெஞ்சுல உக்காரு. பேச வேணாம். அவ பெட்டியில இருக்கிற மூஞ்சி எங்கயாவது அந்த ரூம்ல இருந்தாப் போதும். அவ பாத்துட்டு அம்மான்னு சொல்லட்டும். அதிகாரி எழுதட்டும். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

மற்றது என்ன என்று இருவரும் யோசிக்கவில்லை. இத்தனை விதி தெரிந்தவர்கள், இதை யோசிக்கவில்லை.

பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்பதற்காகப் பார்வை நாளில் கைதிகள் சொந்த உடுப்பு உடுத்திக்கொள்ளலாம். அந்த அறையில் ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, சுவரில் நின்றுபோன ஒரு கடிகாரம். நோட்டுக்காரி ஜன்னல் பக்கப் பெஞ்சிலும் தையற்காரி கதவுப் பக்கத்திலும் உட்கார்ந்தார்கள். தன் மடி வெறுமையாக இருப்பது தாங்காமல் தையற்காரி அவளுடைய நோட்டையும் நுழைவு அட்டையையும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். பிள்ளை நாத்தனாரின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தது. வளர்ந்திருந்தது, முன்பல் இரண்டு விழுந்திருந்தது. கதவைத் தாண்டும்போது அதன் பாவாடை தையற்காரியின் முழங்காலில் உரசிவிட்டுப் போனது. அறையைச் சுற்றிப் பார்த்தது. ஜன்னல் பக்கம் பார்த்ததும் விரலை உதறிவிட்டு ஓடி, நோட்டுக்காரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா" என்றது.

நோட்டுக்காரி கதவுப் பக்கம் பார்த்தாள். தையற்காரி வாயைப் பொத்திக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினாள். சொல்லு, சொல்லு என்று ஆட்டினாள்.

"என்னம்மா?" என்றாள் நோட்டுக்காரி.

அதிகாரி பதிவேட்டுப் படத்தையும் அவள் முகத்தையும் இரண்டு முறை ஒத்துப் பார்த்தார். அச்சு அசல். பிள்ளை தாயின் பேரிலேயே இருக்கும், மாதம் ஒருமுறை பார்க்கக் கூட்டிவர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாத்தனார் அழுதுகொண்டே வெளியே போனாள். அப்புறம் வார்டர் எழுந்து தையற்காரியின் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "மேடம், நேரம் முடிஞ்சது, கிளம்புங்க" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பி, "நீ உள்ளே நட" என்றாள். நோட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அதிகாரி எழுதினதைக் கிழிக்க வேண்டியிருக்கும். பாக்கித் தண்டனை பதினெட்டு மாதம். இன்னும் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளையின் முதுகைத் தடவியபடி, "ரெண்டு நிமிஷம், பிள்ளைகிட்ட சொல்லிட்டு வர்றேன்" என்றாள். அவ்வளவுதான். அன்று மாலைக் கணக்கெடுப்பில் நாற்பத்தாறு பேர் சரியாக இருந்தார்கள். பெரியம்மாவுக்கு எல்லாம் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. தானே போய் நோட்டுக்காரியின் தலையை வாரிவிட்டாள். கைநீட்டிக் கொடுத்த டீயை நோட்டுக்காரி அன்றுதான் முதல் தடவையாக வாங்கிக் குடித்தாள், குடித்துக்கொண்டே அழுதாள், யாரும் நேரம் குறிக்கவில்லை.

வெளியே போனவள் ஆய்வுக்காரியாக ஆனாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான், ஆனால் நோட்டில் இல்லாததெல்லாம் அவளுக்குத் தெரியுமே. தப்பும் தவறுமாக நானூறு பக்கம் எழுதிக் கொடுத்தாள். பேராசிரியர் இலக்கணத்தைத் திருத்திவிட்டு, இவ்வளவு நெருக்கமான களப்பணியைத் தன் காலத்தில் பார்த்ததில்லை என்று பாராட்டினார், பட்டமும் வந்தது. வெளியூரில் இருந்த நோட்டுக்காரியின் அப்பா ஒருமுறை வந்து நாலு நாள் தங்கிப் போனார். மகள் திடீரென்று நன்றாகத் தைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாளே என்பது தவிர அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நாத்தனாருக்கு அந்த வாசலை மிதிக்கப் பிடிக்காது. அந்தப் படிச்ச பொண்ணு கூட்டிப்போவதாகச் சொல்கிறாள், போகட்டும் என்று விட்டுவிட்டாள். அதனால் மாதம் ஒருமுறை தையற்காரியே வந்து, பெற்ற பிள்ளையைக் கையில் பிடித்து, அம்மாவைக் காட்டக் கூட்டிப்போனாள். பிள்ளை அவளைச் சித்தி என்று கூப்பிட்டது. முதல் தடவை கூப்பிட்டபோது தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள். அவள் பத்தடி நடந்தாள். பிறகு "ம்" என்றாள்.

பதினாலாவது மாதம் சோதனை கடுமையாக இருந்ததால் வாசலில் வரிசை நின்றது. பிள்ளைக்குக் கால் வலித்தது, அவள் இடுப்பில் சாய்ந்துகொண்டது.

"சித்தி, உங்களுக்குப் பிள்ளை இல்லையா?"

"இருக்கா."

"எத்தனாவது படிக்கிறா?"

"உன் வகுப்புதான்."

பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப அடுத்த தடவை அவளையும் கூட்டிட்டு வாங்க. எங்கம்மாகிட்ட காட்டலாம்."

"சரி, கூட்டிட்டு வர்றேன்" என்றாள் அவள். வரிசை நகர்ந்தது, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் நகர்ந்தாள்.