தாங்கும் என்று போட்டிருந்தது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லுவேன், ஏனென்றால் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. போன மாதம் ஒரு பிரா வாங்கினேன். பெட்டியின் மேல் ‘தையலில்லாத வார்ப்பு, வலுவூட்டிய பகுதிகள், நாள் முழுவதும் தாங்கும்’ என்று போட்டிருந்தது. கிண்ணத்தின் அடியிலும் பக்கவாட்டிலும் அழகழகாகப் புள்ளிகள், உள்ளே ஏதோ கெட்டியாக வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்படி. இரண்டு நாளில் தோள்பட்டை இறங்கிவிட்டது. [இல்லை. தோள்பட்டை இருந்த இடத்தில்தான் இருந்தது. பிராவின் பட்டிதான் அதற்குள் இறங்கிவிட்டது.] சமையலறைக் கத்தரியை எடுத்து அந்தப் புள்ளிகளின் மேலேயே வெட்டிப் பிரித்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் மற்ற இடத்தில் இருக்கிற அதே பஞ்சு. புள்ளிகள் வெறும் அலங்காரம், சூட்டு அச்சில் குத்தியது.

வாய் கூசாமல் அச்சடித்திருக்கிறார்கள். தாங்கும் என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, தாங்க வேண்டிய வேலையைச் சொல்லின் தலையில் கட்டிவிட்டார்கள். இதை ஒருத்தர் வடிவமைத்திருக்க வேண்டும் அல்லவா? அந்த ஒருத்தரைப் பிடித்து நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘குளிரூட்டிய அறையில் சுழல் நாற்காலியில் சாய்ந்திருந்த அந்த மனிதன், பெண்களின் உடம்பைப் பற்றி ஒன்றுமே தெரியாத’ — வேண்டாம். இவனை ஏற்கனவே எல்லோரும் திட்டியாயிற்று. நானும் திட்டினால் எனக்குக் கொஞ்ச நேரம் குளுகுளுவென்று இருக்கும், கதைக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது.

இரண்டாவது தொடக்கம்: ‘பழந்தமிழில் தையல் என்றால் பெண்.’ கட்டுரை வாடை. எடுத்து வைத்திருக்கிறேன், பிறகு உதவும்.

வெட்டிய துண்டுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. புள்ளிகள் இருந்த இடம் சரியான இடம். கிண்ணத்தின் அடியில் பிறை மாதிரி வளைந்து, அக்குள் பக்கம் அகலமாகி மேலே ஏறுகிறது. எடை எங்கே விழுமோ சரியாக அங்கே நிற்கிறது. அலங்காரம் பண்ணுகிறவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. விஷயம் தெரிந்த ஒருத்தி முதலில் அங்கே நிஜமாகவே ஒன்றை வைத்திருக்கிறாள். பிறகு யாரோ அதைப் பிடுங்கிவிட்டு, அது இருந்த அடையாளத்தை மட்டும் விட்டிருக்கிறார்கள்.

ஊகம்தான். ஆதாரம் கேட்டு யாரும் வரவேண்டாம். ஆனால் திட்டுவதற்கு ஆள் தேடி வந்த இடத்தில், எனக்கு முன்னாலேயே கோபப்பட்ட ஒருத்தி நிற்கிறாள் என்று தோன்றியதும் கதையின் திசை மாறிவிட்டது.

மூன்றாவது தொடக்கம்: ‘அச்சிலிருந்து எடுத்தபோது அது இன்னும் சூடாக இருந்தது.’ இது நிற்கும்.

3

அச்சிலிருந்து எடுத்தபோது அது இன்னும் சூடாக இருந்தது. தங்கை அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு ஜன்னலோரம் போனாள். (தொழிற்சாலையில் அவளை மேடம் என்பார்கள். அவள் உழைத்ததெல்லாம் தன் அக்காவை மனதில் வைத்து என்பதால் நான் தங்கை என்றே சொல்கிறேன்.) வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு. தூக்கி மூலையில் போட்டாள்.

தையல் போட்டுத் தாங்க வைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. துண்டு துண்டாக வெட்டி வளைத்துத் தைத்தால் தையலே விறைத்துக்கொண்டு நிற்கும். தையலே இல்லாமல் தாங்க வைப்பதில்தான் உயிர் போகும். பஞ்சும் துணியும் ஒட்டிய தட்டை விரிப்பைச் சூடான இரண்டு உலோக அச்சுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் கிண்ணம் வந்துவிடும். சூடு கூடினால் துணி மஞ்சளடிக்கும். குறைந்தால் நாலு துவைப்பில் மறுபடி தட்டையாகிவிடும். இதற்குள், இழுத்தால் நீளாத துணி ஒன்றைப் பிறையாக வெட்டி, பசைப்படலம் வைத்து, அதே அழுத்தத்தில் ஒட்ட வேண்டும். பிறையின் ஓரம் சட்டைக்கு மேலே தெரியவும் கூடாது. தங்கை ஓரத்தை நேராக வெட்டிப் பார்த்தாள், அலை அலையாக வெட்டிப் பார்த்தாள். ஒட்டியது பிரிந்தது, பிரியாதது குத்தியது, குத்தாதது தாங்கவில்லை.

போட்டுப் பார்த்துச் சொன்னது அக்கா. அவள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஈரப் போர்வைகளை மெஷினிலிருந்து இழுத்துத் தள்ளுவண்டியில் போட வேண்டும், வண்டியிலிருந்து வாரி உலர்த்தியில் போட வேண்டும். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்னே பட்டிக்கு அடியில் கட்டைவிரலை விட்டுத் தோளைத் தேய்ப்பாள். தங்கை கொடுத்த ஒவ்வொரு மாதிரியையும் போட்டுக்கொண்டு போய், சாயந்திரம் வந்து திட்டுவாள்.

“இது என்னடி, அட்டைப்பெட்டி மாதிரி? குனிஞ்சா நான் ஒரு பக்கம் போறேன், இது ஒரு பக்கம் நிக்குது.”

“கொஞ்சம் பொறுக்கா. ஓரத்த மாத்திப் பாக்கறேன்.”

“நீ ஓரத்த மாத்து. நான் வேற தோள் மாத்திக்கறேன்.”

கடைசி மாதிரியைப் போட்டுக்கொண்டு போன அன்று தங்கை அக்கா வீட்டிலேயே காத்திருந்தாள். அக்கா வந்தாள், செருப்பைக் கழற்றினாள், தண்ணீர் குடித்தாள், பிள்ளைகளை அதட்டினாள், அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை சொல்லக் காணோம். தங்கைக்குப் பொறுக்கவில்லை.

“என்னக்கா, ஒண்ணும் சொல்லல?”

“எதப் பத்தி?”

“போட்டிருக்கியே, அதப் பத்தி.”

அக்கா குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டாள். “ஐயையோ, போட்டிருக்கறதே மறந்துபோச்சுடி!”

தங்கைக்கு அழுகை வந்தது. [‘ஆனந்தக் கண்ணீர்’ என்று எழுதி அடித்தேன். அழுகை போதும்.]

4

மேசையைச் சுற்றி மேலாளர், விற்பனைக்காரர், விளம்பரத்துக்குப் படம் எடுக்கிறவர். மேலாளருக்குத் தலை நரைத்ததே இந்தத் தொழிலில்தான். இருந்தும் பிரா என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. ‘பீஸ்’ என்பார். மார்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘அந்த ஏரியா’ என்பார்.*

* என் கதையைப் படித்த பத்திரிகை ஆசிரியர், பிரா வருகிற இடத்திலெல்லாம் உள்ளாடை என்று மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். பனியனும்தான் உள்ளாடை.

மேசை மேல் தலையும் கையும் இல்லாத இரண்டு பிளாஸ்டிக் பொம்மைகள். ஒன்றில் தங்கையின் பிரா. இன்னொன்றில் பிறை இல்லாமல் அழுத்திய அதே பிரா.

“ரெண்டும் ஒரே மாதிரிதானே மேடம் நிக்குது?” என்றார் மேலாளர்.

“பொம்மைல எத மாட்டினாலும் நிக்கும் சார். காகிதத்த மாட்டினாலும் நிக்கும். அது அசையாது, தொங்காது. தன்னத் தானே தாங்கிக்குது.”

“உங்க பீஸ்ல வெளிச்சம் அடிச்சா ஒரு கோடு தெரியுது. படத்துல அசிங்கமா வருது.”

“கோட்ட நான் சரி பண்ணித் தரேன். பிறைய எடுக்காதீங்க.”

“எடுத்துடுங்க. எடுத்துட்டு அந்த ஏரியால புள்ளி புள்ளியா அச்சு குத்திடுங்க. பாக்க சப்போர்ட் மாதிரியே இருக்கும்.”

“மாதிரி இருந்தா போதுமா சார்? தாங்க வேண்டாமா?”

“யாரு மேடம் போட்டுப் பாத்து வாங்கறாங்க? பெட்டியப் பாத்து வாங்கறாங்க.”

“எங்க அக்கா போட்டுப் பாத்தாங்க. ஈரத் துணி தூக்கற வேலை அவங்களுக்கு. இது தாங்குது, அது தாங்கல.”

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். “அப்ப அக்காவையே கூட்டிட்டு வாங்க. நாங்களும் பாத்து முடிவு பண்றோம்.”

மேசையைச் சுற்றிச் சிரிப்பு.

இந்த இடத்தில் நான் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து, ‘தங்கை அந்தப் பொம்மையைத் தூக்கி மேலாளரின் மூஞ்சியில்’ என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை, ஏனென்றால் அவள் தூக்கவில்லை. உங்களுக்கும் எனக்கும் இப்படிச் சிரித்த மேசைகள் தெரியும். நாமும் தூக்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பு அடங்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

சிரித்து முடித்து மேலாளர் வேலையைச் சொன்னார். நாளைக் காலை பிறை இல்லாத மாதிரியில் அவள் கையெழுத்துப் போட்டால்தான் அச்சு வெட்டக் கொடுக்க முடியும். பழைய மாதிரி ஒன்றுகூட வெளியே இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் வெட்டி, துண்டுகளைக் காட்ட வேண்டும்.

“ஒண்ணு கொறையுதே மேடம்?”

“அக்காகிட்ட இருக்கு.”

“வாங்கிட்டு வந்துடுங்க.”

பெட்டிக்கு வாசகமும் அங்கேயே முடிவாயிற்று: தையலில்லாதது. தையல் என்றால் பெண் என்று எடுத்து வைத்த வரி இங்கே உதவுகிறது. தையல் இல்லாமல் எடுத்த முடிவு என்று அந்த மேசையே ஒப்புக்கொண்ட மாதிரிதான். தங்கை இருந்தாளே என்பீர்கள். நாற்காலியில் இருந்தாள்.

5

[இங்கே அக்காவின் உடம்பைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. பட்டி பதிந்த பள்ளம், மார்பின் அடியில் வேர்க்குரு, எல்லாம் விவரமாக. நன்றாகத்தான் வந்திருந்தது. வாசித்துப் பார்த்தபோதுதான் மேலாளர் கேட்டதையே நான் செய்து கொடுத்திருக்கிறேன் என்று தெரிந்தது. அக்காவைக் கூட்டிவந்து உங்கள் முன்னால் நிற்க வைத்திருக்கிறேன், நீங்கள் பார்த்து முடிவு பண்ணுவதற்கு. எடுத்துவிட்டேன். பாரம் தூக்குகிறவள் வலிக்கிறது என்று சொன்னால் போதாதா? பார்த்தால்தான் நம்புவீர்களா?]

6

முடிவு ஒன்று. தங்கை வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே நடக்கிறாள். மெஷின் ஓட்டுகிறவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். எழுதும்போது எனக்கே புல்லரித்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. அவள் நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். புள்ளி வைத்த பிரா கடைக்கு வரும். கைதட்டலைப் போட்டுக்கொண்டு அக்கா போர்வை தூக்க முடியாது.

முடிவு இரண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு, அச்சு வெட்டுகிறவரிடம் கமுக்கமாகப் பழைய வரைபடத்தைக் கொடுத்துவிடுகிறாள். முதல் பெட்டி இறங்கும்போதே பிடிபடும். பாவம், அச்சு வெட்டுகிறவர் பிழைப்பில் மண்.

முடிவு மூன்று. மேலாளரின் மனைவி சாப்பிடும்போது “என்னங்க, நீங்க செய்யறது ஒண்ணும் தாங்கவே மாட்டேங்குது” என்கிறார், மேலாளர் மனம் திருந்துகி— சீ. இதற்கு என்னை நானே திட்டிக்கொண்டேன். அந்த அம்மா இத்தனை வருஷமும் சொல்லாமலா இருந்திருப்பார்?

தையல் வெளியே தெரியாமல் ஒரு கதையைப் பூசி மெழுக எனக்கும் தெரியும். அடித்ததையெல்லாம் மறைத்து, வழவழவென்று ஒரு முடிவைப் போர்த்தி, உங்களை நிம்மதியாக அனுப்பி வைக்கலாம். ஆனால் என் கைக்கு வந்தது வெறும் புள்ளி. அந்தச் சண்டையில் ஜெயித்தது யார் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். எனக்குத் தெரியாதது அக்காவிடம் இருக்கிற அந்த ஒன்றைப் பற்றித்தான்.

7

அன்று சாயந்திரமே தங்கை அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். தங்கை அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அதக் கொஞ்சம் குடேன்.”

“எத?”

“அதான், அந்தப் பீஸ.”

சொன்னதும் தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பீஸா? நேத்து வரைக்கும் பிரான்னுதானே சொல்லிட்டிருந்த?”

“அத வெட்டணுமாம். ஆபீஸ்ல சொல்லிட்டாங்க.”

“ஏன், அவங்களுக்குத் தாங்கலையாமா?”

தங்கை சிரிக்கவில்லை. “நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும். நான் போடலன்னா வேற யாராவது போடுவாங்க. வேலையும் போயிடும். குடுத்துடு அக்கா, உனக்கு நான் வேற செஞ்சு தரேன்.”

“எங்க வச்சு செய்வ? உன் வீட்டு அடுப்புலயா?”

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“துவைச்சுப் போட்டிருக்கேன்டி. இன்னும் காயல.”

வேலைக்குப் போட்டுப்போன சட்டையைக்கூட அவள் மாற்றியிருக்கவில்லை. அந்தப் பிரா எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“எப்பக்கா காயும்?”

“காயாது.”

அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். [அறைந்து சாத்தினாள் என்று எழுதிப் பார்த்தேன். இல்லை, மெதுவாகத்தான்.]

எழுதுகிறவளுக்குச் சாத்திய கதவெல்லாம் ஒரு பொருட்டா என்று நான் உள்ளே போகப் பார்த்தேன். ‘அக்கா சுவரில் சாய்ந்தபடி, மேல் பொத்தானை’ என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். உள்ளேயிருந்து “யாரது?” என்று குரல் வந்தது. அடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

தங்கை இன்னும் வாசலில் நிற்கிறாள். தட்டுவாளா, வெறும் கையோடு போவாளா, காலையில் பேனாவை எடுப்பாளா என்று நான் எழுதப் போவதில்லை. இந்தக் கதை முடிய வேண்டுமென்றால் யாராவது உள்ளே போய் அக்காவிடம் அதைக் கழற்றிக் கொடு என்று சொல்ல வேண்டும். அதற்கு நான் ஆள் இல்லை. முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் நீங்களே போய்த் தட்டிக்கொள்ளுங்கள். “யாரது?” என்று கேட்பாள். அதற்கு ஒரு பதிலோடு போங்கள்.