ஊமைத் தோட்டா

காதோரம் வைத்துக் குலுக்குகிறேன், பித்தளைக்குள் மருந்து சரசரவென்று உருளுகிறது, இது நல்லது, வலப்பக்கம் வைக்கிறேன், அடுத்தது வாயே திறக்கவில்லை, உள்ளே ஈரம் கட்டிவிட்டது, இடப்பக்கம் போ, ராணுவத்தில் மிஞ்சிப்போய் எங்கள் ஆயுதப்படைக் கிடங்குக்கு வந்து சேர்ந்த பழைய பெட்டி இது, எல்லாம் முனையில் குண்டில்லாமல் மடித்து மூடிய வெற்றுத் தோட்டாக்கள், அதைவிடப் பழைய த்ரீநாட்த்ரீ துப்பாக்கிகளில் போட்டு மரியாதைக்கு வானம் பார்த்துச் சுடுவதற்கு, இன்று சாயங்காலம் என் வீட்டுக்காரருக்காகச் சுடப் போகிறார்கள், ஏட்டு இசக்கித்துரை, நேற்று ஆற்று வெள்ளத்தில் யாரோ பெற்ற பிள்ளையைக் கரையேற்றிவிட்டுத் தான் ஏறாமல் போனவர்.

ரிசர்வ் இன்ஸ்பெக்டர் ஐயா கதவருகில் வந்து, நீ வீட்டுக்குப் போம்மா, இன்னைக்குப் போய் இந்த வேலையா, வேற ஆள் பாத்துக்கிடுவாங்க என்கிறார், பாத்துக்கிட மாட்டாங்க ஐயா, பளபளன்னு இருக்கதாப் பாத்து எடுத்துட்டுப் போயிருவாங்க என்கிறேன், போன ஐப்பசியில் அப்படித்தான் ஆயிற்று, டிரைவர் அருள்தாஸ் அடக்கத்தில் பாதித் துப்பாக்கிகள் டிக்கென்று சொன்னதோடு சரி, அவர் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள், சுடும் வரிசையில் நின்ற என் வீட்டுக்காரர் அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், செத்தவனுக்கு ஒரு சத்தம் குடுக்க முடியலியேட்டி, அன்றைக்கே கண்ணை நம்புவதை விட்டுவிட்டேன், இனிக் காதுதான், சந்தையில் தேங்காய் வாங்கினாலும் ஒவ்வொன்றாகக் குலுக்குகிறவள் நான், இவர் பையைப் பிடித்துக்கொண்டு, ஏட்டி, அதுகிட்ட என்ன ரகசியம் கேக்க, பஸ்ஸு போயிரும் என்பார், போனால் போகட்டும், அடுத்தது வரும், வருகிறது, இவர் மட்டும் ஏறுகிறார், சட்டையிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சொட்டுகிறது, கூப்பிடக் கூப்பிடத் திரும்ப மாட்டேன் என்கிறார், இல்லை, இது கிடங்கு, கையில் இருப்பது தோட்டா, அழக் கூடாது, அழுதால் காது அடைத்துக்கொள்ளும், இன்றைக்கு எனக்குக் காது வேண்டும், என் மனுசனுக்கு ஒன்றுகூட ஊமையாகப் போகக் கூடாது.

பெட்டி காலி, வேண்டிய கணக்குக்கு வலப்பக்கத்தில் ஒன்று குறைகிறது, கையில் மிஞ்சிய கடைசித் தோட்டா ஒருதரம் குலுக்கினால் பேசுகிறது, மறுதரம் பேசவில்லை, ஐயா, நானும் போலீசுதான, இத என் துப்பாக்கியில போட்டுக்கிடுதேன், வரிசையில நானும் நிக்கேன், அவர் வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மயானத்தில் வானம் பார்த்துத் தூக்குகிறேன், முதல் முழக்கம், இரண்டாவது, மூன்றாவதுக்கு அந்தத் தோட்டா, விசையை இழுக்கிறேன், தோள் அதிர்கிறது, வெடித்துவிட்டது, எல்லாமே வெடித்துவிட்டன, ஆற்றங்கரைக் கொக்குகள் கலைந்து எழும்புகின்றன, கேட்டுதா, உங்களுக்குக் கேட்டுதா என்று கத்த வேண்டும் போலிருக்கிறது, காலடியில் விழுந்த பித்தளைக் குப்பியைக் குனிந்து எடுக்கிறேன், கை சுடுகிறது, பழக்கதோஷம், காதோரம் வைத்துக் குலுக்குகிறேன், உள்ளே ஒன்றுமில்லை, அப்போதுதான் அழுதேன்.