திருஷ்டி பொம்மை குடித்த கூழ்

ஞாயிற்றுக்கிழமை கொல்லைப் பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்று சுகிர்தா நம்பினாள். அங்கேதான் கணக்கு தப்பியது. உத்திரமேரூர் ஏரிக்குக் கிழக்கே, ஐசக் மாமா குத்தகைக்கு எடுத்திருந்த கத்தரிக் கொல்லை அது. தோளுக்குக் குறுக்கே மூங்கில் கழியை வைத்து, அவள் இரண்டு கைகளையும் நீட்டிக் கட்டிவிட்டதும் அவர்தான். "இன்னாமோ போ, படிச்ச புள்ளைங்கோ சமாச்சாரம்" என்று முனகிக்கொண்டே சர்ச்சுக்குக் கிளம்பிப் போனார்.

கிழிந்த சட்டை, முகத்தில் சுண்ணாம்புப் பொட்டு. பொழுது விடிந்ததிலிருந்து சாயும்வரை திருஷ்டி பொம்மையாக நிற்க வேண்டும். பேசக்கூடாது, உண்ணக்கூடாது, தண்ணீர்கூடக் கூடாது. யாரும் விதிக்கவில்லை, தன் நிகழ்த்துகலைக்கு அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம். காலங்காலமாக அடுத்தவன் நிலத்துக்குக் காவல் நின்றும் ஒரு பிஞ்சுகூடச் சொந்தமில்லாமல் போன தன் சனத்தின் கதையைச் சொல்ல அவளுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. தூரத்து வரப்பில் நிறுத்திய போன் எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கில் நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தது.

பார்க்கிறவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கலை விமர்சகர்கள் கூடி அரட்டை அடிக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. ஒருவர் தோசை திருப்பிக்கொண்டே கருத்துச் சொல்வார், இன்னொருவர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே வாய்ஸ் அனுப்புவார். அந்த அரட்டையில்தான் கேரளத்தில் நடக்கும் நிகழ்த்துகலை விழாவுக்கு வருஷம் ஒருவரைப் பரிந்துரைப்பார்கள். இந்த வருஷம் சுகிர்தாவின் பெயர் அடிபட்டது. அவளைக் குழுவில் சேர்த்துவிட்ட புண்ணியம் ஏனாத்தூர்ப் பக்கம் குடியிருக்கும் விமர்சகர் சோபியாவுடையது.

வெயில் ஏறும் நேரத்தில், வராதென்று நம்பிய களையெடுக்கும் கும்பல் வந்து சேர்ந்தது. முதலில் பொம்மையைப் பார்த்து அலறினார்கள், அப்புறம் அடையாளம் கண்டு சிரித்தார்கள், அப்புறம் குனிந்து களை பிடுங்கப் போய்விட்டார்கள். கூழ் குடிக்கப் பக்கத்து வரப்பில் உட்கார்ந்தபோதுதான் சங்கடம் வந்தது. எதிரே ஒருத்தி பட்டினியாக நின்று பார்த்துக்கொண்டிருக்க, எப்படிக் குடிப்பது? அந்தக் கும்பலில் அது வழக்கமே இல்லை. கண் படும், வயிறு வலிக்கும்.

கும்பலில் மூத்தவளான பச்சையம்மாள், ஊரோரக் குடிசையில் இருப்பவள், குண்டானோடு எழுந்து வந்தாள். "தே பொண்ணு, கண்ணு படக்கூடாதுன்னு நட்ட பொம்ம, நீயே எங்க கஞ்சில கண்ணு வெச்சிக்கினு நிக்கறியே! குட்சிடு. இல்லாங்காட்டி எங்களுக்கு எறங்காது."

சுகிர்தா உதட்டை இறுக்கி நின்றாள். பச்சையம்மாளும் நின்றாள். கை கட்டியிருந்ததால் குண்டானை அவளே தூக்கி, சுகிர்தாவின் வாயில் வைத்தாள். மோரும் வெங்காயமும் கலந்த கேழ்வரகு வாசனை மூக்கில் ஏறியதும் சட்டமாவது சாஸ்திரமாவது, சுகிர்தா மடமடவென்று குடித்துவிட்டாள். பச்சையம்மாள் முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து தன் பங்கைக் குடித்தாள். பேச்சு எதுவும் தூரத்தில் இருந்த போனுக்கு எட்டவில்லை, காட்சி மட்டும் போய்ச் சேர்ந்தது.

பொழுது சாய்ந்து கட்டு அவிழ்ந்ததும் சுகிர்தா பயந்து பயந்துதான் குழுவைத் திறந்தாள். அங்கே திருவிழா நடந்துகொண்டிருந்தது. "பொம்மைக்குப் படையல்! மெய்சிலிர்த்துப் போனேன்" என்றார் ஒருவர். "பார்வையாளரே நிகழ்வை உடைக்கும் உத்தி" என்றார் இன்னொருவர். சோபியா கேட்டிருந்தாள்: "அந்த அம்மா பிரமாதமாக நடித்தார். எத்தனை நாள் ஒத்திகை?" கடைசியில் தமிழரசன். புகழ்ச்சியைக் கிள்ளிக்கூடக் கொடுக்காத மனிதர். மத்தியானம் அவள் இடது முழங்கால் நடுங்கியதையும், கழியில் காகம் உட்கார்ந்தபோது அவள் இமைக்காததையும் எழுதிவிட்டு இப்படி முடித்திருந்தார்: "திட்டமிட்டதென்றால் இது பெரிய படைப்பு, விழாவுக்கு நானே பரிந்துரைப்பேன். இல்லையென்றால் பாதியில் உடைந்த படைப்பு. சுகிர்தா சொல்லட்டும்."

பரிந்துரை ஒருபுறம் இருக்கட்டும். தன் முழங்காலை ஒரு மனிதர் நாள் பூராவும் சென்னையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாரே என்று சுகிர்தாவுக்குக் கண் கலங்கியது. அவள் வீட்டாரின் முழங்காலை இதுவரை யார் பார்த்தார்கள்?

மறுநாள் காலை பச்சையம்மாளின் குடிசைக்குப் போய் எல்லாவற்றையும் படித்துக் காட்டினாள்.

"நான் நடிச்சனாமா?" பச்சையம்மாளுக்கு வாயெல்லாம் பல். "எம்மா, எங்க ஊட்டுக்காரரு கேக்கணுமே இத!"

"ஒத்திக பாத்தோமான்னு கேக்கறாங்கோ அக்கா. ஆமான்னு சொன்னா கேரளா. இல்லன்னா இல்ல."

"இதுக்கு இன்னா யோசன? பாத்தோம்னு சொல்லு. யாரு வந்து கேட்டாலும் நானும் ஆமான்னு சொல்றேன். நீ நல்லபடியா போய்ட்டு வா கண்ணு."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இங்கே பொருத்தத்தை விமர்சகர்களே செய்து வைத்திருந்தார்கள், சாட்சிக்கும் ஆள் தயார். தலையாட்டினால் போதும். ஆனால் நேற்றுக் கூழ் கொடுத்தவள் இன்று தன் பேரையும் கொடுக்கத் துணிந்து நிற்பதைப் பார்த்தபோது, சுகிர்தாவுக்குத் தலை ஆடவில்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதி அனுப்பினாள்.

"எழுதிட்டியா? இன்னான்னு எழுதின?"

சுகிர்தா படித்தாள். "அது நடிப்பு இல்லை. ஒத்திகையும் இல்லை. எனக்குப் பசித்தது. எங்கள் ஊர் பச்சையம்மாள் அக்கா கூழ் கொடுத்தார், குடித்தேன். என் சட்டம் அங்கேயே உடைந்துவிட்டது. அவருக்கு நன்றி. நாள் முழுக்கப் பார்த்த உங்களுக்கும் நன்றி."

"அடிப் பாவி!" பச்சையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் தமிழரசனின் வாய்ஸ் வந்தது. "அப்போ இந்த வருஷம் பரிந்துரைக்க முடியாதும்மா. அரைவேலையை அனுப்ப எனக்கு மனசு வராது. ஆனா நீ அடுத்து எது செஞ்சாலும் சொல்லு. எந்த ஊரா இருந்தாலும் நேர்ல வந்து பார்ப்பேன்."

கேரளா போனது போனதுதான். சுகிர்தாவுக்கு அது வலித்தது, பொய்யில்லை. ஆனாலும் "நன்றி சார்" என்று அவள் எழுதியதில் ஒரு சொட்டுக் கசப்பும் இல்லை.

பச்சையம்மாளுக்குத்தான் ஆறவில்லை. "பயித்தியமே, பாத்தோம்னு சொன்னா எனக்கு இன்னா கொறஞ்சு பூடும்?"

"உனக்கு ஒண்ணும் கொறயாது அக்கா. நீ எனக்குக் குடுத்தது கொறஞ்சு பூடும். நீ இன்னா, போனுக்குக் காட்டவா குடுத்த?"

பச்சையம்மாள் தலைத்துணியை உதறிக் கட்டினாள். வேலைக்கு நேரமாகிவிட்டது. களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வாசல் தாண்டியவள் நின்று திரும்பினாள்.

"தே, அத இன்னொரு தபா படி. என் பேரு வருதே, அந்த எடம்."

சுகிர்தா போனைத் திறந்து, அக்கம்பக்கத்துக் குடிசைகளுக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தாள்.