எண்பத்தெட்டுக்கு இறங்க வேண்டும்

டென்வர் ராட்லிஃப் காலையில் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டியபோதே அவர் மனைவி ஒனைடாவுக்கு எரிச்சல் வந்தது: நோயைக் காட்டப் போகிற இடத்துக்கு இப்படியா கிளம்புவது? மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருஷம் தவழ்ந்து நுரையீரலைக் கரியாக்கிய மனுஷன். கையோடு கொண்டுபோகிற ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல் தபால்பெட்டி வரை போனாலே இரைப்பு வந்துவிடும். அதைக் காப்பீட்டில் வாங்க ஆறு நிமிஷம் நடந்து காட்ட வேண்டும். நடக்கும்போது ரத்தத்தில் ஆக்ஸிஜன் எண்பத்தெட்டு சதவீதத்துக்கு இறங்க வேண்டும்; அதற்கு மேலே நின்றால் மெஷின் கிடையாது. உதடு நீலம் பாரித்திருப்பதை எல்லோரும்தான் பார்க்கிறார்கள். ஆபீஸ் மகராசன்களுக்கு அது போதாது. மாடிக்கு லிஃப்டில் போகிறவர்கள் அடுத்தவன் மூச்சுக்கு மார்க் போடுகிறார்கள், தூ!

கிளினிக்கில் நர்ஸ் மார்லா அவர் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டினாள். பெஞ்சில் பழைய சுரங்கக் கூட்டாளிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான், டென்வர் நெஞ்சை நிமிர்த்தி, உதட்டைக் குவித்து மூச்சை அளந்து அளந்து விட்டபடி நடந்து முடித்தார்.

"எண்பத்தொன்பது. ஒண்ணு கொறஞ்சிருந்தா கெடச்சிருக்கும் ஐயா" என்றாள் மார்லா.

"யோவ், உன்ன யாரு மாப்பிள்ள நடை நடக்கச் சொன்னது?" என்றாள் ஒனைடா.

"அவனுங்க முன்னாடி எரைச்சுக்கிட்டு நிக்கணுமா? போடி."

மார்லா கதவைப் பார்த்துக்கொண்டாள். "படிவம் இன்னும் அனுப்பல. உக்காந்துட்டு மறுபடி நடங்க."

இந்த முறை ஒனைடாவும் கூடவே நடந்தாள். வீம்புக்காரன் மூச்சை மிச்சம் பிடிப்பான். கோபம் வந்தால்தான் வாயைத் திறந்து மூச்சைச் செலவழிப்பான்.

"உன் தம்பி கர்டிஸ் ரெண்டே வருஷத்துல சுரங்கத்த விட்டு ஓடினான். புத்திசாலி. அவனையே கட்டியிருக்கலாம்."

"அந்தச் சோம்பேறியவா? என் சம்பளத்துல தின்னவன்டி..."

"தின்னான். இன்னிக்கு மலையேறி மான் வேட்டைக்குப் போறான். நீ?"

டென்வர் கத்தத் தொடங்கினார். பாதியில் குரல் அறுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எண்பத்தாறு! கெடச்சிடுச்சு!" மார்லா கைதட்டினாள். பெஞ்சிலிருந்தவர்களும் தட்டினார்கள். ஒனைடாவும் தட்டினாள். பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். புருஷனுக்கு மூச்சு முட்டுகிறது, பெண்டாட்டி கைதட்டுகிறாள். அவளுக்கே அவள்மேல் அருவருப்பாக இருந்தது.

நாற்காலியில் சரிந்தவருக்குப் பேச்சு வர வெகுநேரம் ஆனது.

"கர்டிஸப் பத்தி... நெஜமாவா?"

"இல்லய்யா. மெஷினுக்காகச் சொன்னேன்."

டென்வர் தலையாட்டினார். அவர் நம்பவில்லை.