மஞ்சளுக்கு ஒரு கூரை

கண்ணாடிக் கூரை வேண்டாமென்று முடிவாகிவிட்ட செய்தி, மேஸ்திரி வாய் தவறிச் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

"தகரம் வெள்ளிக்கிழமை வந்து இறங்கிடும்மா. அடியில பலகை அடிச்சு வெள்ளை பூசிட்டா சூடு அவ்வளவா தெரியாது," என்றார் அவர், சமையலறைக் கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் நின்றபடி.

"எந்தத் தகரம்?"

திரைக்குப் பின்னால் தொண்டையைச் செருமிக்கொள்ளும் ஒலி. "சார் சொல்லலையா? சரி, சரி. அவரே சொல்வாரு. எனக்குச் சிமெண்ட்டுக்காரன் காத்துட்டிருக்கான்." அவர் செருப்பை மாட்டிய வேகத்தில் ஒன்று கழன்று விழுந்து மறுபடி மாட்டப்பட்டது.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். வீட்டில் எல்லா ஜன்னல்களுக்கும் திரை போட்டிருந்தது. திரை போதாதென்று உள்ளே போர்வைகள் வேறு. பட்டப்பகலில் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சமையலறையை ஒட்டிப் பின்பக்கம் எழுந்துகொண்டிருந்த அந்த ஒற்றைத் தள அறை மட்டும்தான் இந்த இருட்டிலிருந்து ஒருநாள் தன்னை வெளியே எடுக்கும் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தாள்.

அது அவளுக்காகவே போட்ட திட்டம். பள்ளிப் புத்தகங்களுக்குப் படம் வரைவது அவள் தொழில். கல்யாணமான நாளிலிருந்து கூடத்து மூலையில், படிக்கட்டுக்குக் கீழே, கடைசியில் படுக்கையறை ஜன்னலோரம் என்று மேஜையை இழுத்துக்கொண்டு வெளிச்சத்தைத் துரத்தியவள். ஒருநாள் அவள் கணவன் சுண்ணாம்புக் கட்டியால் கொல்லைத் தரையில் ஒரு பெரிய கட்டம் போட்டான். "இது உன் அறை. கூரை பூரா கண்ணாடி. சூரியன் உன் மேஜைக்கு வந்து கும்பிடு போட்டுட்டுப் போகட்டும்," என்றான். அஸ்திவாரம் போட்டார்கள். சுவர் ஏறியது. அப்போதுதான் கன்னத்தில் சிவப்புத் தடிப்பு வந்தது. அப்புறம் மூட்டுவலி. அப்புறம் கால் வீக்கமும் காய்ச்சலும் ஆஸ்பத்திரியும்.

லூபஸ் என்றார் டாக்டர். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். தூங்கிக்கொண்டிருப்பதை வெயில் எழுப்பிவிடும். சிறுநீரகம் வரை கை வைத்துவிடும். மருந்தில் அடங்கியது. ஆனால் அவள் கணவனுக்குள் ஏதோ ஒன்று அடங்கவேயில்லை. அன்றிலிருந்து அவன் வீட்டுக்குள் நடப்பதே நோயாளிகளின் வார்டில் நடப்பதுபோல ஆகிவிட்டது.

சாயங்காலம் அவன் வந்ததும் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கேட்டாள். "என்னைக் கேக்காம என் கூரைய மாத்திட்டீங்களா?"

பையைக் கீழே வைத்தவன் நிமிரவில்லை. "மேஸ்திரி வாயில எதுவும் நிக்காதே."

"பேச்ச மாத்தாதீங்க."

"என்ன செய்யச் சொல்ற மஞ்சள்? வெயில்ல நிக்கவே கூடாதுங்கற ஒருத்திய, தலைக்கு மேல கண்ணாடி போட்டு உக்கார வைக்கவா? ஊர் சிரிக்காது?"

அவன் அவளை அழைக்கும் பெயர் அது. அவன் ஓர் அச்சகத்தில் மேற்பார்வையாளன். அவள் முதன்முதலாக அங்கே போனது சண்டை போடத்தான். தான் வரைந்த சூரியகாந்தி அச்சில் பாழாகி வந்திருந்தது. "இது மஞ்சள் இல்ல சார், காமாலை!" என்று மாதிரித்தாளை அவன் மேஜைமேல் வீசினாள். அவன் கோபப்படவில்லை. தாளை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தான். "எங்க அச்சகத்துல ஒரு வழக்கம் உண்டுங்க. பகல் வெளிச்சத்துல வெச்சுப் பார்க்காம எந்த நிறத்துக்கும் கையெழுத்துப் போட மாட்டோம். வாங்க, ரெண்டு பேரும் பார்ப்போம்." பார்த்தார்கள். காமாலைதான். அன்றைக்கு ஆரம்பித்தது.

"ஊர் சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும்," என்றாள் இப்போது. "எனக்கு இந்தக் குழல்விளக்குல எது பச்சை எது நீலம்னே தெரியல. போன வாரம் அனுப்பின படத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க. உங்ககிட்ட சொல்லல. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்குவாங்க."

"போனா போகட்டும். நீ இரு. எனக்கு அது போதும்."

"நான் இருக்கேனா? இருக்கறது நான்தானா?"

கை கழுவப் போனவன் குழாயை மூடாமல் வெகுநேரம் நின்றான். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் அவன் எதை மறைக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளே போகவில்லை. அவளுக்கும் வீம்பு.

இரண்டு பேரும் பேசாமல் இருந்த வீட்டில் பேசுவதற்கென்றே ஒருவர் இருந்தார். அவள் மாமனார், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். உலகத்தில் யாரும் எதையும் சொன்னவுடன் நம்பாதவர். சமீபத்தில் அவருடைய முழு விசாரணையும் அவர் மூக்குக்கண்ணாடி மேல் இருந்தது.

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்குப் போகும் வழியில், காரின் முன் இருக்கையில் உட்கார்ந்து அதே புராணத்தை எடுத்தார். "வெயில்ல தானா கறுக்கும், நிழல்ல தானா வெளுக்கும்னு சொல்லி என் தலையில கட்டிட்டான். நடந்து போனா நல்லா கறுக்குது, வில்லன் மாதிரி. கார்ல ஏறினா பாரு, மூஞ்சியில வெயில் அடிக்குது, கண்ணு கூசுது, இது பச்சத்தண்ணி மாதிரி நிக்குது. டிக்கெட் எடுக்காதவன் முழிக்கிற முழி!"

"கடையில போய்க் கேளுங்கப்பா," என்றான் வண்டி ஓட்டிய மகன்.

"கேட்டேனே. 'காருக்குள்ள அப்படித்தான் சார்'ங்கறான். ஏன்டா அப்படின்னா தெரியாதுங்கறான். இந்தா மகளே, கொஞ்சம் துடைச்சுக் குடு."

பின் இருக்கையில், பக்கக் கண்ணாடிகளுக்குக் கறுப்புத் துணி கட்டிய இருட்டில், கையுறையும் முழுக்கைச் சட்டையுமாக அவள் உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடியை வாங்கித் துப்பட்டாவில் துடைத்தாள். அழுக்குப் போயிற்றா என்று பார்க்க, துணியின் ஓரத்தை ஒரு விரல் அளவு விலக்கிப் பக்கக் கண்ணாடி வழியாக வந்த வெயிலில் பிடித்தாள். அது மெல்லப் புகை படிந்ததுபோல் கறுத்தது.

திருப்பிக் கொடுத்தாள். முன்கண்ணாடி வழியே அடித்த அதே வெயிலில், மாமனார் மூக்கின்மேல், அது மெல்ல வெளுத்தது.

"மாமா, இன்னொரு தடவை குடுங்க."

"சுத்தமாத்தானே இருக்கு?"

"குடுங்களேன்."

மறுபடி பின்னால் கறுத்தது. மறுபடி முன்னால் வெளுத்தது. அதே சூரியன்தான். முன்கண்ணாடி அதிலிருந்து எதையோ பிடித்து வைத்துக்கொண்டு மீதியை மட்டும் உள்ளே விடுகிறது. காரில் கணவனிடம் எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டாள்.

"உங்களுக்கு ஆகாதது முக்கியமா புற ஊதாக் கதிர்," என்றார் டாக்டர். "கண்ணுக்குத் தெரியாது. அந்த மாதிரி மூக்குக்கண்ணாடியைக் கறுக்க வைக்கறதும் அதுதான். கார் முன்கண்ணாடி ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு படலம் வெச்சு ஒட்டினது. படலம் அந்தக் கதிரைப் பெரும்பாலும் நிறுத்திடும்." அவர் பேனாவை மூடினார். "ஆனா நான் உத்தரவாதம் எல்லாம் தர மாட்டேன். களிம்பு பூசணும். கை கால் மூடணும். தடிப்பு வந்தா அன்னைக்கே வரணும். புரியுதா?"

புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனுக்கு 'உத்தரவாதம் தர மாட்டேன்' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

வற்புறுத்தித்தான் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனாள். கடைக்காரம்மா விரல்களில் பாதிக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். சுவர் நீளத்துக்கு மாதிரிகள் சாய்த்து வைத்திருந்தன. சாதாக் கண்ணாடி, சூட்டில் இறுக்கியது, பால் நிறம், நீலச் சாயம், இரட்டைக் கண்ணாடி, பிளாஸ்டிக் பலகைகள்.

"இந்த நீலம் எடுங்க," என்றான் கணவன் சட்டென்று. "நல்லா இருட்டா இருக்கு. போட்டே ஆகணும்னா இதைப் போடுவோம்."

"பரிசோதிக்காம வண்டி ஏறாதே," என்றார் மாமனார்.

ஒரு காலி அட்டைப்பெட்டியின் அடியில் மூக்குக்கண்ணாடியை வைத்து, மேலே நீலத் துண்டை மூடி, முற்றத்து வெயிலில் வைத்தார்கள். அவள் கடைக்குள் நிழலில் நின்றபடி பார்த்தாள். கடைக்காரம்மா துண்டைத் தூக்கினார். மூக்குக்கண்ணாடி கறுக்கத் தொடங்கியிருந்தது.

"சாயம் கண்ணுக்கு இதமா இருக்கும். அவ்வளவுதான்," என்றார் கடைக்காரம்மா. அடுத்து சாதாக் கண்ணாடி. கன்னங்கரேல். பிளாஸ்டிக் பலகை. கறுக்கவில்லை.

"இது சரிதானே?" என்றாள் அவள் ஆவலாக.

"கதிரை நிறுத்தும். லேசு, உடையாது. ஆனா மழை பெய்ஞ்சா தலைக்குள்ள மத்தளம் அடிக்கும். வருஷம் போகப் போக நிறம் மாறி மஞ்சளடிக்கும்."

"ஒரு வீட்டுக்கு ஒரு மஞ்சள் போதும்," என்றார் மாமனார். கடைக்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

கடைசியாகப் படலம் ஒட்டிய கண்ணாடி. பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லாததுபோல அவ்வளவு தெளிவு. மேகமில்லாத வெயிலில் பெட்டி வெகுநேரம் கிடந்தது. தூக்கினார்கள். மூக்குக்கண்ணாடி வெளுப்பாகவே இருந்தது.

"கூரைக்கு எப்படியும் இதுதான் போடணும்," என்றார் கடைக்காரம்மா. "உடைஞ்சாலும் படலத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும், தலையில கொட்டாது. இதையே இரட்டையா எடுத்து மேல்பூச்சு போட்டா சூடும் குறையும்."

அவள் கணவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இளகவேயில்லை.

"எங்கப்பாவோட மூக்குக்கண்ணாடி சொல்றதை நம்பி உன் உயிரை வெக்கச் சொல்றியா?" என்றான். "நீ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ உனக்கு நினைவில்லை. எனக்கு இருக்கு. என் பேரைச் சொன்னேன், நீ திரும்பிக்கூடப் பார்க்கல. நான் கட்டின அறைக்குள்ளேயே மறுபடி அப்படி விழுந்தா? இருட்டுன்னு நீ என்னைத் திட்டு. நாள் பூரா திட்டு. திட்டறதுக்கு நீ இரு."

கடைக்காரம்மா நாசூக்காக உள்ளே போய்விட்டார். மாமனார் பெட்டிக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வரவில்லை. "உங்க அச்சகத்து வழக்கம் வீட்டுக்குக் கிடையாதா?" என்று மட்டும் கேட்டாள். "நீங்களே பகல்ல வெச்சுப் பாருங்க. பார்த்துட்டு வேணாம்னா, தகரமே போடுங்க. அதுக்கப்புறம் இதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய சொல்லைக் கொடுத்துவிட்டோம் என்று புரிந்தது. உள்ளேயிருந்து திரும்பி வந்த கடைக்காரம்மா தாம்பாளம் அளவில் ஒரு மிச்சத் துண்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். திரும்பும் வழி முழுக்க அதை அவள் மடியிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் அவன் அச்சகத்துக்கு விடுப்புச் சொன்னான். கட்டி முடியாத அறையின் கூரைச் சட்டங்கள்மேல் மழைக்காகத் தார்ப்பாய் விரித்திருந்தது. ஜன்னல் ஓட்டைகளைப் பலகை அடைத்திருந்தது. அவன் ஏணியில் ஏறித் தார்ப்பாயில் ஒரு சதுரம் வெட்டி அங்கே கண்ணாடித் துண்டைப் பதித்தான். வெட்டிய ஓரங்களைச் சுற்றி ஒரு நூல் வெளிச்சம்கூடக் கசியாதபடி கோந்துத் துணி ஒட்டினான். அந்த இருட்டு அறையின் சிமெண்டுத் தரையில் ஒரே ஒரு சதுர வெயில் விழுந்தது. அதற்கு நடுவில் முக்காலி. முக்காலிமேல் மூக்குக்கண்ணாடி. எதிரே அவன், தரையில் சம்மணமிட்டு.

சமையலறைக் கதவுத் திரை இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். வெயில் நகர்ந்தது. அவன் முக்காலியை நகர்த்தினான். மறுபடி நகர்ந்தது. மறுபடி நகர்த்தினான். மதியம் சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை.

"என் மூக்குக்கண்ணாடிய எப்ப விடுவிப்பான்?" என்றார் மாமனார், பேப்பரை மூக்குக்கு ஒட்டிப் பிடித்தபடி. "ரிமாண்டுல வெச்ச மாதிரி வெச்சிருக்கான். காலையிலேர்ந்து தலைப்புச் செய்தியைத் தவிர வேற எதுவும் தெரியல."

அவள் சிரிக்காமல் மறுபடி திரை இடுக்குக்குப் போனாள்.

உச்சி வெயில் சாயத் தொடங்கியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. "மஞ்சள்."

போனாள். மூக்குக்கண்ணாடி வெளுப்பாக இருந்தது. அவன் கண்தான் சிவந்திருந்தது. அவன் அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, முக்காலிமேல் ஒரு தாளை விரித்தான். அச்சகத்து மாதிரித்தாள், ஏதோ ஒரு குழந்தைப் புத்தகம். பக்கம் நிறைய வாத்துக்குஞ்சுகள்.

"களிம்பு பூசியிருக்கியா?"

"ம்."

"கைய மட்டும் வை. ஒரு கை. போதும்."

கையுறையைக் கழற்றினாள். எத்தனை மாதம் ஆயிற்று! வெளுத்துப்போன விரல்களை மெல்ல அந்தச் சதுரத்துக்குள் நீட்டினாள். வெதுவெதுப்பு முதலில் நகத்தில் ஏறியது, பிறகு விரலில், பிறகு மணிக்கட்டில். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கையையே பார்த்தான், ஏதோ பால் பொங்கிவிடப் போவதுபோல.

அவள் தாளைத் தொட்டாள். சாய்த்துப் பார்த்தாள். இத்தனை நாளும் சாம்பலாகத் தெரிந்த உலகத்தில் நிறம் என்று ஒன்று அங்கே கிடந்தது. கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் தொழில் தொழில்தான்.

"சரியில்ல," என்றாள்.

"எது?"

"இந்த மஞ்சள். வாத்துக்கே காமாலை."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. நெற்றியை அவள் தோளில் முட்டிக்கொண்டு, அந்தக் கையை மட்டும் வெயிலிலிருந்து மெல்ல எடுத்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டான்.

"நாளைக்குக் காலையில எழுந்ததும் இந்தக் கையைப் பார்ப்பேன்," என்றான். "அதுக்கப்புறம் தினமும் பார்ப்பேன். ஒரு புள்ளி சிவந்திருந்தாலும் மேஸ்திரியக் கூப்பிட்டுத் தகரம்தான்."

"பாருங்க."

"விளையாட்டுக்குச் சொல்லல."

"தெரியும். நானும் பார்ப்பேன்," என்றாள். அவளுக்கும் பயம்தான். அதை இவ்வளவு நாள் அவனிடம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொன்னாள்.

அவன் கைப்பேசியை எடுத்தான். "மேஸ்திரி, வெள்ளிக்கிழமை தகரம் இறக்க வேணாம். இல்ல, வேற தேதி இல்ல. இருங்க, முதலாளியம்மா பேசுவாங்க. இனிமே எதுன்னாலும் அவங்களையே கேளுங்க."

கைப்பேசியை வாங்கிக்கொண்டவள், மற்றக் கையை அவன் பிடியிலிருந்து எடுக்கவில்லை. தரையில் அந்தச் சதுரம் சுவரை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.